அப்பா மஞ்சப்பைல விட்டுட்டுப் போன ஷேரும் எங்க ரெண்டேகால் வருஷ அலைச்சலும்

2023 போகிக்கு முந்தின நாள் பரண் மேல இருந்த சாமான எல்லாம் இறக்கி எது வேணும் எத எரிக்கலாம்னு பிரிச்சுட்டு இருந்தோம். ஜவுளிக்கடை பேர் பாதி அழிஞ்சுபோன ஒரு மஞ்சப்பை கெடச்சுது. உள்ள பழைய கரண்ட் பில், எங்க ஸ்கூல் ஃபீஸ் ரசீது, அதுக்கு அடியில பிளாஸ்டிக் கவர்ல சுத்தி நாலு ஷேர் சர்ட்டிபிகேட். நல்லவேளை அம்மா அந்த கவர பிரிச்சுப் பாத்தாங்க, இல்லன்னா மறுநாள் காலைல அதுவும் நெருப்புல போயிருக்கும். எல்லாமே 92, 93ல வாங்குனது. அப்பா ஆர்எம்எஸ்ல, அதாவது ரயில்வே தபால் பிரிவுல, தபால் பிரிக்கிற சார்ட்டரா இருந்தவர், திருச்சி ஜங்ஷன்ல ராத்திரி ஷிஃப்ட். 2008ல இறந்துட்டார். ஷேர் வாங்குன விஷயத்த அம்மாகிட்ட கூட சொல்லல. அந்த காலத்துல ஷேர்னா சூதாட்டம் மாதிரின்னு வீட்டுல திட்டுவாங்கன்னு பயந்திருப்பார் போல.

நான் தனியார் ஸ்கூல் ஒண்ணுல ஆஃபீஸ்ல கணக்கு பாக்குறேன், ஃபார்ம் ஃபில்லப் பண்றது எனக்கு புதுசு இல்ல. அப்படி இருந்தும் இந்தப் பணத்த வாங்க ரெண்டேகால் வருஷம் ஆச்சு, கையிலருந்து 33 ஆயிரம் போச்சு, அதுல பாதி என் அவசர புத்தியால போனது. அப்போ யாராவது ஒருத்தர் உக்காந்து இதச் சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு, அதான் முழுசா எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான்.

முதல்ல என்ன ஆச்சுன்னா, நாலு கம்பெனில ரெண்டு இப்போ இல்லவே இல்ல. தொண்ணூறுகள்ல பப்ளிக் இஷ்யூ விட்டு பணத்த வாங்கிட்டு காணாமப் போன கம்பெனிகள் நிறைய, அதுல ரெண்டு. மூணாவது கம்பெனிய கலைச்சு முடிச்சுட்டாங்க. நாலாவது மட்டும் உயிரோட இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. சர்ட்டிபிகேட்ல 100 ஷேர்னு போட்டிருந்தது. நடுவுல ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்து 200 ஆகி, அப்புறம் 10 ரூபா ஷேர 2 ரூபாயா பிரிச்சு 1000 ஆகியிருக்கு. இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. நான் 100 ஷேர்தானேன்னு நெட்ல விலையப் பாத்து பெருக்கிட்டு, முப்பத்தெட்டாயிரம் வரும் போலன்னு அம்மாகிட்ட சொன்னேன்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஒரு ஷேருக்கு தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட், அதாவது கம்பெனி லாபத்துல தர்ற பங்கு, யாரும் வாங்கலன்னா, அந்த டிவிடெண்ட் பணமும் போயிடும், ஷேரும் சேந்து போயிடும். எங்க போகும்னா மத்திய அரசோட ஐஇபிஎஃப்னு ஒரு ஃபண்டுக்கு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி. 2013 கம்பெனி சட்டத்துல 124, 125ஆவது பிரிவு. இத நடத்துற ஆணையம் 2016 செப்டம்பர்ல வந்துச்சு, கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு கீழ இருக்கு. அரசாங்கம் பணத்த எடுத்துக்கிச்சுன்னு நாங்க முதல்ல பதறிட்டோம், அப்படி இல்ல, அங்க பத்திரமா இருக்கு, உரிமை நம்மளுதுதான். அந்த ஷேருக்கு அப்புறம் வர்ற டிவிடெண்ட், போனஸ் எல்லாம் கூட அங்கயே சேரும். எவ்வளவு வருஷம் கழிச்சு வேணாலும் கேக்கலாம். ஐஇபிஎஃப் வெப்சைட்லயே பேரையோ, சர்ட்டிபிகேட்ல இருக்குற ஃபோலியோ நம்பரையோ போட்டுத் தேடலாம், காசு கிடையாது.

நான் தேடுனப்போ அப்பா பேர்ல ஒண்ணும் வரல. அப்பா பேர் 'சாமி'னு முடியும். சர்ட்டிபிகேட்ல பாத்தா 'ஸ்வாமி'னு இருக்கு. அந்த ஸ்பெல்லிங் போட்டேன், பட்டுனு வந்துடுச்சு, ஆனா இனிஷியல் முன்னாடி இல்லாம பின்னாடி. நம்ம ஊர்ல ஒரே ஆளுக்கு அஞ்சு விதமா இங்கிலீஷ்ல பேர் எழுதுவோம், 'தி'க்கு டி மட்டும் போடுவோம் இல்ல டிஎச் போடுவோம், நெடிலுக்கு ரெண்டு ஏ போடுறவங்களும் உண்டு. அதனால ஒரு தடவ தேடிட்டு இல்லன்னு விட்டுடாதீங்க, எல்லா ஸ்பெல்லிங்கும் போட்டுப் பாருங்க, ஃபோலியோ நம்பர் இருந்தா அது பெஸ்ட்.

இப்போ என் முட்டாள்தனத்துக்கு வர்றேன். நெட்ல தேடுனா இத மீட்டுத் தர்றோம்னு விளம்பரமா வந்துச்சு. ஒரு ஆஃபீஸுக்கு ஃபோன் பண்ணேன். பேசுனவர் ரொம்ப மரியாதையா, "மேடம், இது நீங்க நினைக்கிற மாதிரி இல்ல, ஆயிரம் ஷேர் இருக்கு, கோர்ட்டுல சக்சஷன் சர்ட்டிபிகேட் வாங்காம ஒரு ஷேர் கூட நகராது, நாங்க வக்கீல் வச்சு எல்லாம் முடிச்சுத் தர்றோம்"னார். வர்ற பணத்துல 25 சதவீதம் அவங்களுக்கு, அட்வான்ஸ் 15,000. ஆயிரம் ஷேர்னு கேட்டதும் எனக்கு தல சுத்திடுச்சு. அன்னைக்கே ஜிபேல அனுப்பிட்டேன். அதோட விடல, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டயும் கூரியர்ல அனுப்பி வச்சேன். பிப்ரவரில அனுப்புனது. மார்ச்ல ஃபோன் எடுத்தாங்க, ஏப்ரல்ல ப்ராசஸ்ல இருக்குன்னாங்க, ஜூன்ல கோர்ட் லீவுன்னாங்க, அப்புறம் ஃபோனே எடுக்கல. செப்டம்பர்ல தம்பி துபாய்ல இருந்து அவங்களுக்கு போலீஸ் கம்ப்ளைண்ட்னு மிரட்டி மெயில் போட்டப்புறம்தான் ஒரிஜினல் திரும்பி வந்துச்சு. பதினஞ்சாயிரம் வரல. ஏழு மாசம் போச்சு. ராத்திரி படுத்தா இதே நெனப்பு, அப்பா வச்ச சர்ட்டிபிகேட் முப்பது வருஷம் பத்திரமா இருந்துச்சு, நான் ஒரு மாசத்துல தொலைக்கப் பாத்தேனேன்னு.

எல்லா கன்சல்டண்ட்டும் திருடங்கன்னு சொல்ல வரல, நேரமே இல்லாதவங்களுக்கு நல்ல ஆள் கெடச்சா நல்லதுதான். ஆனா ஐஇபிஎஃப் கிளெய்முக்கு அரசாங்கம் ஒரு பைசா ஃபீஸ் வாங்குறது இல்ல. யாராவது அரசாங்க ப்ராசஸிங் சார்ஜ்னு கேட்டா அப்பவே ஃபோன வச்சிடுங்க. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட யார்கிட்டயும் கொடுக்காதீங்க, அது போக வேண்டியது கம்பெனிக்கும், அதோட ஷேர் கணக்க பாக்குற ரிஜிஸ்ட்ராருக்கும் மட்டும்தான், அதுவும் அவங்க எழுத்துல கேட்டப்புறம், ஸ்கேன் எடுத்து வச்சுக்கிட்டு, ஸ்பீட் போஸ்ட்ல.

கோர்ட் சர்ட்டிபிகேட் கட்டாயம்னு அவங்க சொன்னது சுத்தப் பொய்னு அப்புறம் தெரிஞ்சுது. காகித ஷேரா இருந்து நாமினி இல்லாம ஆள் இறந்துட்டா, ஒரு கம்பெனில உள்ள ஷேரோட மதிப்பு 5 லட்சத்துக்குள்ள இருந்தா வாரிசு சான்றிதழே போதும்னு பங்குச் சந்தைய கட்டுப்படுத்துற செபி 2022லயே விதி போட்டிருக்கு. கூட மத்த வாரிசுங்களோட ஆட்சேபனை இல்லைங்கிற அஃபிடவிட்டும், பின்னாடி ஏதாவது நஷ்டம் வந்தா நாங்க பொறுப்புன்னு எழுதித் தர்ற இன்டெம்னிட்டி பாண்டும் கொடுக்கணும். அஞ்சு லட்சத்துக்கு மேலன்னாதான் சக்சஷன் சர்ட்டிபிகேட், இல்ல உயில கோர்ட்ல உறுதிப்படுத்துற ப்ரொபேட் அந்த மாதிரி. எங்க ஷேர் அப்போ 380 ரூபா சுமார், 3 லட்சத்து 80 ஆயிரம். கோர்ட் வாசல மிதிக்கவே தேவையில்ல.

செப்டம்பர் கடைசில நானே கம்பெனியோட ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு லெட்டர் எழுதுனேன். ஆர்டிஏன்னு சொல்லுவாங்க, கம்பெனியோட ஷேர் கணக்க வச்சிருக்கறவங்க, ஒவ்வொரு கம்பெனியோட வெப்சைட்லயும் இன்வெஸ்டர் பக்கத்துல அட்ரஸ் இருக்கும். ஃபோலியோ நம்பர் போட்டு, அப்பா இறந்துட்டார், எத்தன ஷேர் இருக்கு எது எது ஐஇபிஎஃப் போயிருக்கு என்ன என்ன பேப்பர் வேணும்னு கேட்டு அரை பக்கம். மூணு வாரத்துல பதில் வந்துச்சு. காசு வாங்குனவன் ஏழு மாசத்துல சொல்லாதத இவங்க ஒரு ஸ்பீட் போஸ்ட் செலவுல சொல்லிட்டாங்க. அந்த லெட்டர்ல ஒரு வரி இருந்துச்சு, போனஸ் சர்ட்டிபிகேட்டும் டிவிடெண்ட் வாரண்ட்டும் 'லெஃப்ட்'னு திரும்பி வந்துடுச்சுன்னு. அப்பா பேர்ல பதிஞ்சிருந்தது பொன்மலைப்பட்டி வாடகை வீட்டு அட்ரஸ். அங்கருந்து நாங்க கே.கே.நகர் போயி, அப்புறம் ஸ்ரீரங்கம் வந்துட்டோம், அப்பா அட்ரஸ் மாத்தவே இல்ல. ஊர்ல உள்ள தபால எல்லாம் ராத்திரி கண்ணு முழிச்சு பிரிச்ச மனுஷனோட தபால் ஆள் இல்லன்னு திரும்பிப் போயிருக்கு. அம்மாவுக்கு இத படிச்சுக் காட்டுனப்போ அவங்க சிரிச்சாங்க, அப்புறம் எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

சரி வாரிசு சான்றிதழ்தானே, 2008ல பென்ஷனுக்கு வாங்குனது இருக்கேன்னு நெனச்சேன். அங்கதான் இடி. அந்த சர்ட்டிபிகேட்ல நாலு பேர்: அம்மா, நான், தம்பி, அப்புறம் எங்க அப்பாயி. அப்பா இறந்தப்போ அப்பாயி உயிரோட இருந்தாங்க. இந்து வாரிசுரிமை சட்டப்படி ஒரு ஆம்பள உயில் எழுதாம இறந்தா மனைவி, பிள்ளைங்க மாதிரியே பெத்த தாயும் முதல் வகுப்பு வாரிசு, சம பங்கு. அப்பாயி 2013ல இறந்துட்டாங்க. இறந்தவங்க எப்படி ஆட்சேபனை இல்லன்னு கையெழுத்து போடுவாங்க? அவங்க பங்கு அவங்களோட வாரிசுங்களுக்குப் போகும், அப்போ சித்தப்பா, அத்தை ரெண்டு பேரோட கையெழுத்தும் வேணும், அப்பாயிக்கு தனியா இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ் வேணும்னு ஆர்டிஏ எழுதிட்டாங்க. இது நிறைய குடும்பத்துக்கு வரும். உங்க அப்பாவப் பெத்த பாட்டி உங்க அப்பாவுக்கு அப்புறம் இறந்திருந்தாங்கன்னா முதல்லயே இதப் பாத்துக்கோங்க, கடைசில பாத்தா எங்கள மாதிரி ஆறு மாசம் போகும்.

சித்தப்பா பிரச்சனை இல்ல, எங்க காட்டுறியோ அங்க போடுறேன்னுட்டார். அத்தைதான். லால்குடில இருக்காங்க, எங்க கல்யாணத்துல நடந்த ஒரு சீர் விஷயத்துல பன்னெண்டு வருஷமா பேச்சு இல்ல. 2024 மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், காணும் பொங்கல் அன்னைக்கு, அம்மாவ கூட்டிட்டுப் போனேன், பெரியவங்கள போய்ப் பாக்குற நாள், கதவ சாத்த முடியாதுன்னு ஒரு கணக்கு. அத்தை கதவ சாத்தல, காபி கொடுத்தாங்க, நான் பேப்பர எடுத்ததும் கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. அப்புறம் அம்மாவப் பாத்து, "அண்ணி, இந்த ஷேர் வாங்க அண்ணனுக்கு பணம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"ன்னாங்க. அம்மா முழிக்கிறாங்க. "என் ரெண்டு வளையல். மூணு மாசத்துல திருப்பித் தர்றேன்னு வாங்கிட்டுப் போய் அடகு வச்சது. மூழ்கிப் போச்சு. அவர்கிட்ட நான் கேக்கல, அவரும் சொல்லல." எனக்கு அந்த எடத்துல உக்காரவே முடியல. பன்னெண்டு வருஷமா நாங்க சீர் விஷயத்துக்குத்தான் கோவம்னு நெனச்சுட்டு இருந்தோம். நான் பேப்பர மடிச்சு பைல வைக்கப் போனேன், அத்தை கையப் புடிச்சு, "வை இங்க. பேனா இருக்கா?"ன்னாங்க. அப்பவே போட முடியாது, நோட்டரி முன்னாடி போடணும்னு சொன்னதுக்கு, "எங்க வரணும், எப்ப வரணும்?" அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அப்பாயியோட வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்துல அப்ளை பண்ண 60 ரூபா, அங்கருந்து விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போகும். விஏஓ நேர்ல விசாரிப்பாங்க, அக்கம்பக்கத்து ஆள் கேப்பாங்க. எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இதுல ஒரே ஒரு டிப், அப்ளை பண்ணும்போதே ஒவ்வொருத்தர் பேரும் அவங்க ஆதார்ல உள்ள எழுத்துப்படியே இருக்கான்னு ஸ்க்ரீன்ல பாத்துட்டு ஓகே சொல்லுங்க. இ-சேவைல டைப் பண்ற தம்பி அவசரத்துல ஒரு எழுத்த விட்டா அப்புறம் அதுக்கு ஒரு அஃபிடவிட். தம்பி மே மாசம் லீவுல வந்தான், அவன் கையெழுத்துக்காக அதுவரை வெய்ட் பண்ணோம், அங்கருந்தே போடணும்னா இந்திய தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணணும். அதே மே மாசம்தான் தமிழ்நாட்டுல முத்திரைக் கட்டணத்த ஏத்துனாங்க, 20 ரூபா பத்திரத்துல முடிஞ்சுட்டிருந்த அஃபிடவிட் 200 ரூபா ஆயிடுச்சு. எங்களுக்கு அஞ்சு அஃபிடவிட். நேரம்னு இதத்தான் சொல்லுவாங்க.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. ஷேர் விலை ஏற ஆரம்பிச்சுது. 380ல இருந்தது 420, 450, 475னு போகுது. 500 தாண்டுனா ஆயிரம் ஷேர் அஞ்சு லட்சம், தாண்டிட்டா கோர்ட்டு. ஊர்ல எல்லாரும் வச்சிருக்குற ஷேர் ஏறணும்னு வேண்டுவாங்க, நான் தாயுமானவர் கோயில் படியேறி இது இறங்கணும்னு வேண்டிக்கிட்டேன். அப்ளிகேஷன் கொடுக்குற தேதிக்கு முந்தின நாள் விலையத்தான் எங்க கேஸ்ல எடுத்தாங்க. 488 ரூபா இருந்த அன்னைக்கு ராத்திரி உக்காந்து எல்லா பேப்பரும் அடுக்கி மறுநாள் காலைல ஸ்பீட் போஸ்ட் போட்டேன். விளிம்புல இருக்குறவங்க தள்ளிப் போடாதீங்க.

அனுப்புன பேப்பர்ல எதுக்கு திரும்பி வந்துச்சுன்னு சொல்றேன், இதுதான் யாரும் சொல்லாதது. முதல்ல அப்பா பேர். ஷேர்ல ஸ்வாமி, இறப்பு சான்றிதழ்ல சாமி, பென்ஷன் ஆர்டர்ல இனிஷியல் விரிச்சு எழுதியிருக்கு. மூணு பேரும் ஒரே ஆள்தான்னு அம்மா அஃபிடவிட் கொடுக்கணும், கூடவே ரெண்டு ஸ்பெல்லிங்கும் பழைய அட்ரஸும் சம்பந்தப்படுத்துற மாதிரி ஒரு ஆதாரம். எங்களுக்கு காப்பாத்துனது அந்த மஞ்சப்பைல இருந்த பழைய கரண்ட் பில், பொன்மலைப்பட்டி அட்ரஸ் போட்டு ஸ்வாமின்னு இருந்தது. வேணாம்னு ஒதுக்கி வச்ச குப்பைல இருந்துச்சு அது, குப்பக்காரர் வராததால தப்பிச்சுது. ரெண்டாவது அம்மாவோட கையெழுத்து. அம்மா தமிழ்லதான் கையெழுத்து போடுவாங்க, வயசு 72, கை நடுங்கும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. ஐஎஸ்ஆர்-2னு ஒரு ஃபார்ம், அதுல பேங்க் மேனேஜர் இது இவங்க கையெழுத்துதான்னு பேர், எம்ப்ளாயி கோட், சீல் எல்லாம் போட்டு சான்று தரணும். அம்மா அக்கவுண்ட் இருக்குற கிளைல முதல்ல முடியாதுன்னுட்டாங்க, ரெக்கார்டுல இருக்குற கையெழுத்து பதினஞ்சு வருஷத்துக்கு முந்தினது, ஒத்துப் போகலன்னு. அப்புறம் ஒருத்தர்தான் வழி சொன்னார், முதல்ல கையெழுத்த பேங்க்ல புதுசா அப்டேட் பண்ணுங்க, அது ஏறுனதும் அதே கையெழுத்த இதுல போடுங்கன்னு. பத்து நாள்ல முடிஞ்சுது. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இத இப்பவே செஞ்சு வைங்க, எந்த கிளெய்மும் இல்லன்னாலும்.

அம்மா பேர்ல டிமேட் அக்கவுண்ட், அதாவது ஷேர எலக்ட்ரானிக்கா வைக்கிற கணக்கு, திறந்தோம், ஷேர் திரும்பி வர்றது அதுலதான், காகிதமா வராது. பான், ஆதார், பேங்க், டிமேட் நாலுலயும் ஒரே பேர் இருக்கணும். பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருக்கணும். அம்மா ஆதார்ல இருந்த ஃபோன் நம்பர் தம்பியோட பழைய நம்பர், அது இப்போ வேற யாரோ வச்சிருக்காங்க, ஓடிபி அவருக்குப் போகுது! அத மாத்த ஒரு நாள் ஹெட் போஸ்ட் ஆஃபீஸ்ல.

ஆகஸ்ட் 2024ல கம்பெனி என்டைட்டில்மென்ட் லெட்டர் கொடுத்தாங்க. இன்னாருக்கு இத்தன ஷேர், இத்தன வருஷ டிவிடெண்ட் இவ்வளவுன்னு எழுதி உறுதிப்படுத்துற லெட்டர். இந்த வரிசைதான் முக்கியம். நிறைய பேர் நேரா அமைச்சகத்தோட எம்சிஏ சைட்டுக்குப் போய் கிளெய்ம் கேக்குற ஐஇபிஎஃப்-5 ஃபார்ம போட்டுடுறாங்க, அப்புறம் கம்பெனி பேப்பர் சரியில்லன்னு தள்ளிடுது. முதல்ல கம்பெனிகிட்ட பேப்பர் எல்லாம் சரி பண்ணி அந்த லெட்டர கைல வாங்கிட்டுதான் ஃபார்முக்கே போகணும். ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டுல ஒரு கிளெய்ம்தான் போட முடியும், அதனால டிவிடெண்ட் ஒரு வருஷத்த விட்டுட்டா அதுக்கு மறுபடி தனியா அலையணும், லெட்டர்ல உள்ளத ஒண்ணொண்ணா டிக் அடிச்சு ஏத்துங்க.

ஃபார்ம் போட்டதும் எஸ்ஆர்என்னு ஒரு நம்பர் வரும், அதான் இனிமே உங்க ஜாதகம். ஃபார்ம பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு, அக்னாலெட்ஜ்மென்ட், இன்டெம்னிட்டி பாண்ட், பணம் வந்துடுச்சுன்னு முன்கூட்டியே எழுதித் தர்ற அட்வான்ஸ் ரசீது, ஆதார் காப்பி, கேன்சல் செக், டிமேட் கணக்கு விவரம் உள்ள கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட், ஒரிஜினல் சர்ட்டிபிகேட், என்டைட்டில்மென்ட் லெட்டர் எல்லாத்தையும் சேத்து இந்த கிளெய்ம பாக்குறதுக்குன்னு கம்பெனி வச்சிருக்குற நோடல் ஆஃபீசருக்கு அனுப்பணும், டெல்லிக்கு இல்ல. கவர் மேல ஐஇபிஎஃப் ரீஃபண்ட் கிளெய்ம்னு பெருசா எழுதணும். அட்வான்ஸ் ரசீதுல ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்ப் மேல பாதி பேப்பர்ல விழணும். ரெவின்யூ ஸ்டாம்ப் கெடைக்கறதுக்கு மூணு போஸ்ட் ஆஃபீஸ் ஏறி இறங்குனேன், ஸ்டாக் இல்ல ஸ்டாக் இல்லன்னு. கடைசில எங்க ஸ்கூல் கேஷியர் அக்கா மேஜை டிராயர்ல இருந்து ஒரு ஷீட்டையே எடுத்துக் கொடுத்தாங்க. அம்மா கை நடுங்கி நாலு ரசீது வீணாச்சு, அஞ்சாவது சரியா விழுந்துச்சு.

கம்பெனி 30 நாள்ல சரிபாத்து ஆணையத்துக்கு ரிப்போர்ட் அனுப்பணும், ஆணையம் 60 நாள்ல முடிவு சொல்லணும்னு விதி. நடைமுறைல அக்டோபர்ல ரிப்போர்ட் போச்சு, டிசம்பர்ல இன்டெம்னிட்டி பாண்ட்ல சாட்சியோட முகவரி சரியா இல்லன்னு திருப்பிட்டாங்க. மெயில்லதான் வரும், அதுவும் ஸ்பாம்ல விழுந்து கெடந்துச்சு. வாரத்துக்கு ஒருதடவ எஸ்ஆர்என் போட்டு ஸ்டேட்டஸ் பாருங்க, மெயில நம்பாதீங்க. புது பாண்ட் எழுதி அனுப்பி, 2025 ஏப்ரல்ல ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிமேட் ஆப்ல நோட்டிஃபிகேஷன், 1000 ஷேர் வந்துடுச்சு. அன்னைக்கு விலை 430. ரெண்டு வாரம் கழிச்சு டிவிடெண்ட் 38 ஆயிரத்து சொச்சம் அம்மா அக்கவுண்ட்ல.

செலவு கணக்கு எழுதியே வச்சிருந்தேன். அந்த ஆள்கிட்ட தொலைச்சது 15,000, பத்திரம் நோட்டரி 6,400, கூரியர் பஸ் ஜெராக்ஸ் 4,100, எனக்கு சம்பளம் புடிச்ச பதினோரு நாள் 7,700. மொத்தம் 33,200. அவங்ககிட்டயே விட்டிருந்து அவங்க ஒழுங்கா முடிச்சிருந்தா கூட 25 சதவீதம்னு ஒரு லட்சத்துக்கு மேல போயிருக்கும்.

ஷேர் மட்டும் இல்ல, பேங்க்லயும் ஒண்ணு கெடச்சுது. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ஆர்பிஐயோட டிஇஏ ஃபண்டுக்கு, கேக்காம கெடக்குற டெபாசிட்ட வைக்கிற நிதிக்கு, போயிடும். அதத் தேட 2023 ஆகஸ்ட்ல உத்கம்னு ஒரு போர்ட்டல் திறந்தாங்க. ஃபோன் நம்பர் போட்டு உள்ள போய், பேரு, பேங்க், கூட பான், வோட்டர் ஐடி, பிறந்த தேதி மாதிரி ஏதாவது ஒண்ணு போட்டா காட்டும். அப்பாவோட பேங்க் 2020ல இன்னொண்ணோட இணைஞ்சு பேரே மாறிடுச்சு, புது பேர்ல தேடணும்னு எனக்கு ரொம்ப நாள் உறைக்கல. 14,000 சொச்சம், வட்டியோட வந்துச்சு. உத்கம் காட்ட மட்டும்தான் செய்யும், பணத்துக்கு அந்த பேங்க் கிளைக்குத்தான் போகணும். இறந்தவங்க கிளெய்ம எல்லா பேப்பரும் வந்த 15 நாள்ல முடிக்கணும்னு 2025 செப்டம்பர்ல ஆர்பிஐ புதுசா சொல்லிருக்காங்க, கிளைல இழுத்தடிச்சா இத சொல்லுங்க. எல்ஐசி மாதிரி பாலிசின்னா அந்தந்த இன்சூரன்ஸ் கம்பெனி சைட்லயே தேடலாம், ஆனா அதுல மட்டும் கெடு உண்டு. பத்து வருஷம் கழிச்சு மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும், அதுக்கப்புறம் 25 வருஷம் தாண்டுனா கேக்க முடியாது.

ஷேர் வந்த மறுவாரம் அம்மா இருநூறு ஷேர விக்கச் சொன்னாங்க. ஒரு பவுன்ல மோதிரம் எடுத்துட்டு ரெண்டு பேரும் லால்குடிக்குப் போனோம். ரெண்டு வளையலுக்கு ஒரு மோதிரம் ஈடு இல்லதான், அத்தைக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். விரல்ல போட்டுப் பாத்து, "லூஸா இருக்கு, நூல் சுத்திக்கிறேன்"னாங்க. அப்புறம் உள்ள போய் பீரோவத் திறந்து ரொம்ப நேரம் என்னமோ தேடிட்டு ஒரு பழுப்பு கவரோட வந்தாங்க. மாமா 86, 87ல வாங்குன யூடிஐ மாஸ்டர்ஷேர்ங்கிற மியூச்சுவல் ஃபண்ட் சர்ட்டிபிகேட். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுதே, பாத்துச் சொல்லு"ன்னு மடில வச்சாங்க. எழுத்து மங்கிப் போயிருந்துச்சு, ஃபோன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். மாமா பேருக்கு முன்னாடி ரெண்டு இனிஷியல். இறப்பு சான்றிதழ எடுத்துட்டு வரச் சொன்னேன். அதுல ஒண்ணுதான்.